எந்த மீனைக் கருக்கலாம்?

பிளாக்கண்ட் ஃபிஷ் என்றால் லூசியானாவில் தலைமுறை தலைமுறையாகச் சமைத்துவரும் பண்டம் என்று பலரும் நம்புகிறார்கள். உண்மையில் அதற்கு இன்னும் ஐம்பது வயது நிறையவில்லை. நியூ ஆர்லியன்ஸ் நகரின் பழைய பகுதியான ஃபிரெஞ்சு குவார்ட்டரில், சார்ட்டர்ஸ் தெருவில், பால் புரூடோமும் அவருடைய மனைவி கே ஹின்ரிக்ஸும் 1979-இல் கே-பால்ஸ் லூசியானா கிச்சன் என்ற உணவகத்தைத் திறந்தார்கள். அடுத்த ஆண்டு வாக்கில் அந்த அடுப்படியில் பிறந்தது பிளாக்கண்ட் ரெட்ஃபிஷ். உருக்கிய வெண்ணெயில் மீன் துண்டைத் தோய்த்து, மசாலாப் பொடியைத் தூவி, கொதிக்கக் காய்ந்த இரும்புச் சட்டியில் இரண்டு பக்கமும் கருக்கி எடுப்பார்கள். இந்த ஒரு பண்டத்தால் ரெட்ஃபிஷ்ஷுக்கு ஏறிய கிராக்கியில், மெக்சிக்கோ வளைகுடாவில் அந்த மீனுக்கு வலை போடுவதை 1986-இல் அமெரிக்க அரசு அவசர ஆணை பிறப்பித்து நிறுத்த வேண்டியதாயிற்று.

பொடியை எப்படி அரைப்பது என்பதைச் சமையல் நூல்கள் சொல்கின்றன. எந்த மீனை உண்ணலாம் என்பதைச் சுற்றுச்சூழல் அமைப்புகளும் மருத்துவர்களும் சொல்கிறார்கள். இரண்டு பேச்சும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. என்னைப் பொறுத்தவரை இவை ஒரே கேள்வி. புரூடோம் கண்டுபிடித்தது ஒரு முறையையும் ஒரு பொடியையும்தான். ரெட்ஃபிஷ் அன்றைக்கு அவர் கைக்குக் கிடைத்த மீன். முறையை விட்டுவிட்டு மீனின் பெயரை நாடே பிடித்துக்கொண்டதால்தான் கேடு வந்தது. பொடியை வீட்டில் செய்யத் தெரிந்தவர், அது எதற்காக அப்படிச் செய்யப்படுகிறது என்று புரிந்தவர், எந்த ஒரு மீனுக்கும் கட்டுப்பட வேண்டியதில்லை. அன்றைக்கு எது ஏராளமாக, நல்லதாக, நம்பத் தகுந்ததாகக் கிடைக்கிறதோ அதை வாங்கலாம்.

புரூடோம் 1940-இல் லூசியானாவின் ஓப்பலூசஸ் பக்கத்தில், குத்தகை விவசாயக் குடும்பத்தில், பதின்மூன்று பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தவர். கேஜன் மக்கள். 1755 முதல் இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலிருந்து பிரிட்டிஷார் துரத்திவிட்ட பிரெஞ்சு மொழிக்காரர்களின் வழிவந்தவர்கள். அவர்கள் வீட்டுச் சமையல் ஒற்றைப் பானைச் சமையல்: மாவையும் கொழுப்பையும் பழுப்பாக வறுத்த ரூ, அதில் வெங்காயம், குடைமிளகாய், செலரி, பிறகு கிடைத்த இறைச்சியோ நண்டோ, பக்கத்தில் சோறு. மீனைச் சட்டியில் கருக்கும் வழக்கம் அதில் இல்லை. நியூ ஆர்லியன்ஸில் ரெட்ஃபிஷ்ஷைத் தக்காளி போட்ட கூபியோன் என்ற குழம்பாக வைத்தார்கள். புரூடோம் 1975-இல் கமாண்டர்ஸ் பேலஸ் என்ற பெயர்பெற்ற உணவகத்தின் தலைமைச் சமையல்காரரானார். பிறகு சொந்தக் கடை வைத்தபோது அங்கே மீன் சுடக் கரியடுப்பு இல்லை. தணலில் வாட்டிய மீனின் மணத்தை இரும்புச் சட்டியில் கொண்டுவரப் பார்த்தார். வேட்டை முகாம்களில் விறகு நெருப்பின் மீது இரும்புச் சட்டியில் சமைத்து வளர்ந்த கைகளுக்கு அது வந்தது.

அந்த முறையை அருகே போய்ப் பார்க்க வேண்டும். பிளாக்கண்ட் என்ற பெயரில் உணவகங்கள் பரிமாறுவதில் பெரும்பகுதி, காரப்பொடி தூவிச் சாதாரணச் சூட்டில் வறுத்த மீன்தான். புரூடோம் 1984-இல் வெளியிட்ட நூலில், வெறும் இரும்புச் சட்டியை எண்ணெய் எதுவும் இல்லாமல் பெரிய தீயில் குறைந்தது பத்து நிமிடம் காயவைக்கச் சொல்கிறார். சட்டி புகைந்து, புகை அடங்கி, அடியில் வெள்ளைச் சாம்பல் பூத்தாற்போல் தெரிய வேண்டும். அதற்குப் பிறகுதான் மீன். துண்டு அரை அங்குல கனம் இருக்கலாம், முக்கால் அங்குலத்தைத் தாண்டக் கூடாது. உருகிய வெண்ணெயில் இரண்டு பக்கமும் புரட்டி, பொடியைத் தாராளமாகத் தூவி, கையால் லேசாக அழுத்திச் சட்டியில் விட்டதும், துண்டின் மேல் ஒரு தேக்கரண்டி வெண்ணெய். அது தீப்பிடித்தாலும் பிடிக்கும் என்று எச்சரிக்கையும் உண்டு. இரண்டு நிமிடம், புரட்டிப் போட்டு இன்னும் இரண்டு நிமிடம். அவ்வளவே.

அந்தச் சில நிமிடங்களில் நடப்பது என்ன? வெண்ணெயில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு தண்ணீர். அது முதலில் சீறி ஆவியாகிறது. பின் வெண்ணெயிலுள்ள பால் புரதமும் பால் சர்க்கரையும் பழுத்துக் கருக்கத் தொடங்குகின்றன. பாப்ரிகாவிலும் வெங்காயப் பொடியிலும் உள்ள சர்க்கரையும் அதோடு சேர்ந்துகொள்கிறது. மேலே ஒரு மெல்லிய கரிய ஓடு உருவாகிறது. அது மீனின் சதை கருகியதால் வருவதல்ல, வெண்ணெயும் பொடியும் சேர்ந்து கருத்ததால் வருவது. உள்ளே சதை இன்னும் ஈரமாக, வெள்ளையாக இருக்கும். சூடு குறைந்தால் ஓடு உருவாகும் முன்பே மீன் வெந்து உலர்ந்துவிடும். துண்டு தடித்தால் நடுப்பகுதி வேகும் முன்பே ஓடு கரியாகிவிடும். பத்து நிமிடச் சூடு, அரை அங்குல கனம், இரண்டு நிமிடம் என்ற மூன்று எண்களும் ஒன்றுக்கொன்று கட்டுப்பட்டவை. வெண்ணெயை விட்டு எண்ணெய் ஊற்றினால் ஓட்டின் பாதிச் சுவை போய்விடும், ஏனென்றால் எண்ணெயில் கருக்க வேண்டிய பால்பொருள் இல்லை. நெய்யிலும் அதே குறைதான்.

நான்ஸ்டிக் சட்டியை இந்தப் பக்கமே கொண்டுவரக் கூடாது. அதன் பூச்சு 260 பாகை செல்சியஸுக்கு மேல் சிதைந்து நச்சுப் புகை விடும். நம் வீடுகளில் பழகிய கனமான வார்ப்பிரும்பு தோசைக்கல் இந்த வேலைக்கு மிகப் பொருத்தம். வெண்ணெய் வழியும் என்பதால் விளிம்புள்ள கல்லாக இருப்பது நல்லது. புகை மட்டும் சாதாரணமல்ல. சூட்டில் மிளகாயின் காரச்சத்து காற்றில் கலந்து தொண்டையையும் கண்ணையும் பிடிக்கும். மிளகாய் வற்றல் தாளிக்கும் நெடிக்குப் பழகியவர்களுக்கும் இருமல் வரும். வீட்டுக்கு வெளியே அடுப்பு வைக்க முடிந்தால் அதுவே சரி. அடுக்குமாடி வீட்டில் ஜன்னல்களைத் திறந்துவைத்து, ஒரு தடவைக்கு ஒரு துண்டாகப் போட்டுச் சமாளிக்கலாம்.

இனி பொடி. புரூடோமின் அச்சிட்ட கணக்கு, ஒவ்வொன்றும் சுமார் கால் கிலோ எடையுள்ள ஆறு துண்டுகளுக்கு: ஒரு மேசைக்கரண்டி இனிப்பு பாப்ரிகா, இரண்டரை தேக்கரண்டி உப்பு, வெங்காயப் பொடி, பூண்டுப் பொடி, கெயென் மிளகாய்த் தூள் ஒவ்வொன்றும் ஒரு தேக்கரண்டி, வெள்ளை மிளகும் கருமிளகும் முக்கால் தேக்கரண்டி, உலர்ந்த தைம் இலையும் ஓரிகானோ இலையும் அரை அரைத் தேக்கரண்டி. மஞ்சள், மல்லி, சீரகம் எதுவும் கிடையாது. நம் வறுவல் மசாலாவைப்போல் இஞ்சி பூண்டு விழுதும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து ஊறவைப்பதும் கிடையாது. காரணம் தெளிவு. ஈரம் வந்தால் சட்டியில் மீன் கருக்காது, ஆவியில் வெந்துவிடும். அதனால்தான் வெங்காயமும் பூண்டும்கூடப் பொடியாக வருகின்றன.

மூன்று காரம் எதற்கு என்று கேட்கலாம். கெயென், வெள்ளை மிளகு, கருமிளகு மூன்றும் வாயில் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் தெரிவதில்லை என்பது புரூடோமின் கணிப்பு. சுவைத்துப் பார்த்தால் அது சரியாகவே படுகிறது. கருமிளகின் மணம் அதன் தோலில் இருக்கிறது, தோல் நீக்கிய வெள்ளை மிளகில் காரம் மட்டும் தங்கிச் சற்றே மண்வாசனை வரும். மிளகாயின் காரம் பின்னால் வந்து நெடுநேரம் நிற்கும். ஒன்றைக் குறைத்து மற்றொன்றைக் கூட்டினால் எரிச்சல் ஒரே மாதிரியாகிவிடும். பல உணவகங்கள் கெயென்னை மட்டும் அள்ளிப் போட்டுக் கேஜன் சமையலே நாக்கைச் சுடும் சமையல் என்ற பெயரை உண்டாக்கிவிட்டன. அந்த மக்களுக்கு இழைத்த அநீதி அது.

இந்தப் பொருள்களில் பாதி நமக்கு எப்போதுமே உள்ளவை. பாப்ரிகா என்பது காரம் குறைந்த, நிறம் மிகுந்த மிளகாய்தான். காஷ்மீரி மிளகாயோ கர்நாடகத்துப் பியாடகி மிளகாயோ விதை நீக்கி அரைத்தால் நிறமும் மணமும் கிட்டத்தட்ட வந்துவிடும், காரம் மட்டும் கொஞ்சம் ஏறும், அதற்கேற்ப மற்ற மிளகாயைக் குறைத்துக்கொள்ளலாம். கெயென்னுக்குக் குண்டூர் மிளகாய். தைம் இலையின் வாசனைக்கு முக்கியக் காரணம் தைமால் என்ற பொருள், அதே தைமால்தான் நம் ஓமத்தின் வாசனையும். ஆகவே தைம் கிடைக்காத ஊரில் கால் தேக்கரண்டி ஓமத்தை லேசாக வறுத்துப் பொடித்துச் சேர்க்கலாம். ஓமம் அதைவிட வீரியமானது, கை தாராளமாகப் போய்விடக் கூடாது. ஓரிகானோவின் மணத்துக்குக் காரணமான கார்வக்ரால் கற்பூரவல்லி இலையிலும் இருக்கிறது. அந்த இலை சதைப்பற்றானது, காய நாள் பிடிக்கும். நிழலில் மொறுமொறுப்பாகும்வரை உலர்த்தி நொறுக்கினால் பொடியில் அழகாக நிற்கும். இப்படிச் செய்த பொடி லூசியானாப் பொடியே என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதன் கட்டுமானம் குலையாது.

கடையில் வாங்காமல் வீட்டில் செய்வதற்கு வலுவான காரணம் உப்பு. 1972-இல் அதே ஓப்பலூசஸ் ஊரிலிருந்து டோனி சாஷெரி என்பவரின் கிரியோல் மசாலா சந்தைக்கு வந்தது. பின்னர் புரூடோமின் மேஜிக் மசாலாக்கள் வந்தன. இன்று பல நிறுவனங்கள். கடையில் கிடைக்கும் இத்தகைய பொடிகள் பலவற்றில் உப்பே முதல் பொருள். காரம் வேண்டுமென்று அள்ளித் தூவினால் உப்பும் கூடவே ஏறும். புரூடோமின் கணக்கிலேயே உப்பு குறைவில்லை. இரண்டரை தேக்கரண்டி என்பது சுமார் 15 கிராம், அது முழுவதும் ஒட்டினால் ஒரு துண்டுக்கு இரண்டரை கிராம். ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நான் பரிந்துரைப்பது உப்பில்லாப் பொடி. உப்பைத் தனியே மீனின் மேல் தடவி, பொடியைப் பிறகு வேண்டுமளவு தூவ வேண்டும். அப்போது பெரிய மீனுக்கும் சின்ன மீனுக்கும், உப்புநீர் மீனுக்கும் குளத்து மீனுக்கும் தக்கபடி மாற்ற இடம் கிடைக்கிறது. வெண்ணெயும் அப்படியே. அவருடைய கணக்கு ஆறு துண்டுக்கு 340 கிராம். அதில் ஒரு பகுதி மேசையில் தொட்டுக்கொள்ளத்தான். வீட்டில் 100 கிராம் தாராளம். மீனைத் துணியால் ஈரம் போக ஒற்றிக் குளிர்ச்சியாக வைத்திருந்து தோய்த்தால், வெண்ணெய் உடனே உறைந்து பொடியைப் பிடித்துக்கொள்ளும், வீணாக வழியாது.

அடுத்தது மீன். ரெட்ஃபிஷ்ஷிலிருந்து தொடங்குவதே முறை. செம்புநிற உடல், வாலருகே கண்போல ஒரு கரும்புள்ளி. ரெட் டிரம் என்றும் பெயர், ஏனென்றால் இனப்பெருக்கக் காலத்தில் ஆண் மீன் காற்றுப்பையை அதிரவைத்து முழவுபோல ஒலியெழுப்பும். நம் கடற்கரையின் கத்தாளை மீன்களும் இதே குடும்பம்தான். இந்த மீனின் வாழ்க்கை முறையே அதற்குப் பகையாக முடிந்தது. குஞ்சுகள் கரையோரச் சதுப்பு நிலங்களின் உவர்நீரில் வளர்கின்றன. மூன்று முதல் ஐந்து வயதில் முதிர்ந்து வெளிக்கடலுக்குப் போய்ப் பெருங்கூட்டமாகச் சேர்கின்றன. நாற்பது வயதுக்கு மேலும் வாழும். நீரின் மேற்பரப்புக்கு வரும் அந்தக் கூட்டம் ஆகாயத்திலிருந்து பார்த்தால் சிவந்த திட்டாகத் தெரியும்.

1980-களின் நடுவில் அதுதான் நடந்தது. சிறு விமானங்கள் கூட்டத்தைக் கண்டு சொல்ல, சுருக்குவலைப் படகுகள் போய் வளைத்தன. ஒரே வலையில் சிக்கியவை பல பத்தாண்டுகளாக முட்டையிட்டு வந்த தாய் மீன்கள். கடற்கரையோரத்தில் தூண்டில்காரர்களும் சிறுவலைக்காரர்களும் இளமீன்களைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு முனையிலும் அடி. டெக்சாஸ் மாநிலம் தன் நீரில் பிடித்த ரெட்ஃபிஷ்ஷை விற்பதை 1981-லேயே தடைசெய்துவிட்டது. 1986-இல் அமெரிக்க அரசின் அவசரத் தடை வந்தது. அதன் பின் மாநில எல்லைக்கு அப்பாலுள்ள வளைகுடா நீரில் ரெட்ஃபிஷ் பிடிப்பதே மூடப்பட்டது, இன்றும் திறக்கவில்லை. 2007 அக்டோபரில் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் அந்தப் பாதுகாப்பை ஓர் ஆணையாக உறுதிப்படுத்தினார்.

ஒரு சமையல்காரரின் தலையில் முழுப்பழியையும் போடுவது நியாயமல்ல. புரூடோம் வலை போடவில்லை. நூற்றுக்கணக்கான உணவகங்கள் அதே பெயரை அட்டையில் போட்டு அதே மீனையே கேட்டன, மீன் வணிகம் அதற்கு வழிசெய்தது. சதுப்பு நிலமும் போய்க்கொண்டிருந்தது: 1930-களிலிருந்து லூசியானா சுமார் 5,000 சதுர கிலோமீட்டர் கரையோர நிலத்தைக் கடலுக்கு இழந்திருக்கிறது, அது ரெட்ஃபிஷ் குஞ்சுகளின் தொட்டில். அந்த இழப்பு வலைத்தடையால் நிற்கவில்லை. அதனால்தான் தடை வந்து நாற்பதாண்டுகள் நெருங்கியும் கவலை தீரவில்லை. 2024 ஜூனில் லூசியானா தூண்டில்காரர்களுக்கான விதியை மறுபடி இறுக்கியது: ஒருவருக்கு நாளொன்றுக்கு நான்கு மீன், 18 முதல் 27 அங்குல நீளத்துக்குள், 27-ஐத் தாண்டியது ஒன்றுகூடக் கூடாது. பெரிய மீனைக் கடலுக்கே விட்டுவிட வேண்டும். அது சரியான விதி. சுவையின் பக்கமிருந்து பார்த்தாலும் நட்டமில்லை, பெரிய ரெட்ஃபிஷ்ஷின் சதை முரடு. இன்று உணவகத்தில் ரெட்ஃபிஷ் என்று வருவது பெரும்பாலும் டெக்சாஸ் குளங்களில் வளர்த்தது. அதை உண்பதில் தவறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

மாற்று மீன் தேடுபவர் முதலில் பார்க்க வேண்டியது சதையின் கட்டு. துண்டு அரை அங்குலமாவது கனக்க வேண்டும், புரட்டும்போது இதழ் இதழாகப் பிரியக் கூடாது. நாக்கு மீன் போன்ற தட்டை மீன்கள் இதனாலேயே விலகிவிடுகின்றன, ஓடு வருவதற்குள் அவை சிதறிவிடும். லூசியானாவில் எல்லோரும் விரும்பும் ஸ்பெக்கிள்டு டிரவுட்டும் மென்மையானது, அதை மாவில் புரட்டிப் பொரிப்பதே அழகு. மறுபுறம், மிகுந்த எண்ணெயுள்ள மீனில் இந்தப் பொடி அடங்கிப்போகும்.

இந்தக் கணக்கில் எனக்கு முதலில் நிற்பவை ரெட்ஃபிஷ்ஷின் சொந்தக்காரனான பிளாக் டிரம்மும், ஷீப்ஸ்ஹெட் என்ற வரிமீனும். இரண்டையும் லூசியானாவில் தொழில்முறை மீனவர்கள் பிடித்து விற்கலாம். பிளாக் டிரம் சிப்பிப் படுகைகளில் மேய்வது. சிறியதாக இருக்கும்போது சதை இறுகி, வெளுத்து, இனிப்பாக இருக்கும். பெரியதில் சதை முரடாகி, புழுவும் காணப்படும். சமைத்தால் அந்தப் புழுவால் கேடில்லை, ஆனால் பார்த்தவர் உண்ண மாட்டார். ஷீப்ஸ்ஹெட்டுக்கு மனிதப் பல் போன்ற பல்வரிசை, நண்டையும் சிப்பியையும் நொறுக்கித் தின்னும். அந்தத் தீனியின் சுவை சதையில் தெரியும். செதிலும் எலும்பும் கடினம், சுத்தம் செய்யும்போது கை நோகும். அதனாலேயே விலை குறைவு, அதனாலேயே பலர் ஒதுக்குகிறார்கள். ரெட்ஃபிஷ்ஷுக்கு அலைந்த காலத்தில் இந்த இரண்டையும் யாராவது அட்டையில் பெருமையாக எழுதியிருந்தால் அந்தக் கடல் வேறு மாதிரி இருந்திருக்கும்.

அடுத்தது வளர்ப்புக் கெளுத்தி. மிசிசிப்பி, அலபாமா மாநிலங்களில் 1960-களிலிருந்து குளங்களில் பெருமளவில் வளர்கிறது. தீனி பெரும்பாலும் சோயாவும் மக்காச்சோளமும். ஒரு மீனை வளர்க்க வேறு மீனைக் கடலிலிருந்து அள்ள வேண்டிய தேவை மிகக் குறைவு. சதை மென்மையானாலும் கட்டு உண்டு, சுவை சாதுவானது, பொடியை நன்றாக ஏற்கும். வால்புறத்துத் துண்டு மெலிந்திருக்கும், அதை மடித்துப் போட்டால் கனம் சமமாகும். வியட்நாமிலிருந்து வரும் பாசாவும் கெளுத்தி வகைதான், நம்மூர்க் கடைகளிலும் உறைந்த வெள்ளைத் துண்டாகக் கிடைக்கிறது. அமெரிக்காவில் கேட்ஃபிஷ் என்ற பெயரைத் தங்கள் நாட்டுக் குடும்பத்து மீனுக்கு மட்டும் 2002-இல் சட்டம் போட்டு ஒதுக்கிக்கொண்டார்கள். பாசாவைப் பழிக்க எனக்கு மனமில்லை, ஆனால் உறைந்த துண்டில் தண்ணீர் அதிகம் விடும். நன்றாகப் பிழிந்து ஒற்றாமல் சட்டியில் போட்டால் கருக்கு வராது. திலாப்பியாவுக்கும் இதே புத்திமதி.

சூரை இன்னொரு நல்ல தேர்வு, ஆனால் விதி வேறு. மஞ்சள் துடுப்புச் சூரையை ஓர் அங்குல கனத்திலேயே போடலாம், நடுப்பகுதி சிவப்பாக இருக்கும்போதே எடுக்க வேண்டும். மாஹி மாஹி வேகமாக வளர்ந்து சில ஆண்டுகளிலேயே ஆயுள் முடியும் மீன், அதனால் பிடிப்பைத் தாங்கும் வலு அதற்கு உண்டு. சதையும் இந்த முறைக்கென்றே அமைந்தது போலிருக்கும். களவா நேர் எதிர்: நீண்ட ஆயுள், மெதுவான வளர்ச்சி, பல இனங்கள் பெண்ணாகப் பிறந்து வயதேறியபின் ஆணாக மாறுபவை. பெரியவற்றை எடுத்துவிட்டால் ஆண் மீனே அருகிவிடும். வெப்பக் கடல் பாறைகளில் மேயும் பெரிய களவாவில் சிகுவடேரா என்ற நச்சும் சேரலாம், எந்தச் சூட்டிலும் அது அழியாது. களவாவின் சுவையை நான் மறுக்கவில்லை. எப்போதாவது ஒருமுறை, நன்றாக ஆவியில் வேகவைத்து உண்ண வேண்டிய மீன் அது. இந்த அளவு காரத்துக்கும் கருக்கலுக்கும் அதைக் கொடுப்பது வீண். வளைகுடாவில் இன்னொரு மீனைச் சொல்ல வேண்டும்: இந்தோ-பசிபிக் கடலிலிருந்து வந்து பரவி உள்ளூர்க் குஞ்சுகளைத் தின்று தீர்க்கும் லயன்ஃபிஷ். முள்ளில் நஞ்சு, சதையில் இல்லை. துண்டு மெல்லியது, பக்கத்துக்கு ஒரு நிமிடம் போதும். எவ்வளவு தின்றாலும் கடலுக்கு நன்மை செய்யும் அரிய மீன்.

பாதரசம் தனிக் கணக்கு. பெரிய, நீண்ட ஆயுளுள்ள, மற்ற மீனைத் தின்னும் மீனில் அது ஆண்டுக்கணக்கில் சேர்கிறது, சமைப்பதால் குறையாது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அளவீட்டுச் சராசரி, பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்ற கணக்கில்: திலாப்பியா 0.013, சால்மன் 0.022, கெளுத்தி 0.024, ஸ்னாப்பர் 0.166, மாஹி மாஹி 0.178, மஞ்சள் துடுப்புச் சூரை 0.354, களவா 0.448, கிங் மேக்கரல் 0.73, ஸ்வோர்ட்ஃபிஷ் 0.995, வளைகுடா டைல்ஃபிஷ் 1.123. கடைசி மூன்றையும் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் குழந்தைகளும் தவிர்க்க வேண்டிய பட்டியலில் வைத்திருக்கிறார்கள், சுறாவும் அதில் உண்டு. கிங் மேக்கரல் நம் வஞ்சிரத்தின் பேரினத்தைச் சேர்ந்தது. அந்த எண்ணை அப்படியே நம் வஞ்சிரத்துக்குப் பொருத்த முடியாது, வேறு கடல், வேறு இனம். ஆனால் பாதரசம் சேரும் வழி எங்கும் ஒன்றே. வயிற்றில் பிள்ளையுள்ள பெண்ணுக்குப் பெரிய வஞ்சிரத் துண்டை வாரந்தோறும் ஊட்டுவதைவிட மத்தியும் நெத்திலியும் கொடுப்பதே மேல்.

மீனைக் கருக்கும் இந்த முறையில் மறைந்திருக்கும் இடர் ஒன்றைப் பலரும் பேசுவதில்லை. கருக்கிய ஓட்டின் கீழே இருப்பது எந்த மீன் என்று நாக்கு சொல்லாது. தோல் உரித்து, காரம் பூசி, கருப்பாக்கிய வெள்ளைத் துண்டு என்ன பெயரிலும் விற்கும். ஓஷியானா என்ற அமைப்பு 2010 முதல் 2012 வரை அமெரிக்காவின் 21 மாநிலங்களில் 1,215 மீன் மாதிரிகளை மரபணுச் சோதனை செய்து 2013-இல் முடிவை வெளியிட்டது. மூன்றில் ஒரு பங்கு பெயர் மாறி விற்கப்பட்டவை. ரெட் ஸ்னாப்பர் என்று வாங்கிய 120 மாதிரிகளில் உண்மையிலேயே ரெட் ஸ்னாப்பராக இருந்தவை ஏழு மட்டும். நியூயார்க்கில் அந்தப் பெயரில் டைல்ஃபிஷ் விற்றது, தென் ஃபுளோரிடாவில் களவா என்ற பெயரில் கிங் மேக்கரல் விற்றது. மேலே உள்ள பாதரசக் கணக்கோடு சேர்த்துப் பார்த்தால் இது வெறும் விலை ஏமாற்று அல்ல. பாதுகாப்பான மீன் என்று நம்பி வாங்கியவளின் தட்டில், தவிர்க்கச் சொன்ன மீனே வந்து விழுகிறது.

அதனால் உணவகத்தைவிட வீட்டுச் சமையலுக்கு, அதிலும் தோலோடும் தலையோடும் வாங்கி வெட்டச் சொல்வதற்கு நான் முன்னுரிமை கொடுப்பேன். புரூடோம் 2015 அக்டோபரில் இறந்தார், கே-பால்ஸ் 2020-இல் மூடப்பட்டது. அவர் விட்டுப்போன பொடி எந்தக் கடற்கரையிலும் வேலை செய்யும். மீன்கடையில் கேட்க வேண்டியவை சில: இது எந்தக் கடலில், எந்த முறையில் பிடித்தது அல்லது எந்தக் குளத்தில் வளர்ந்தது, உறையவைத்து உருக்கியதா, ஒரு பக்கத் தோலை விட்டு வெட்டித் தர முடியுமா, துண்டின் கனம் அரை அங்குலத்துக்கு மேல் முக்காலுக்குள் இருக்குமா. பதில் சொல்லத் தெரிந்த வியாபாரியிடம், அன்றைக்கு விலை குறைந்த வெள்ளைச் சதை மீன் எது என்று கேட்டு அதையே வாங்கலாம்.